கானகம் காத்த ஜெர்மானியர்

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் எல்லைக்கல் ஒன்று நிற்கிறது. அதற்கு அப்பால் காப்புக்காடு. ஆடு மேய்க்கக் கூடாது, விறகு வெட்டக் கூடாது. அந்தக் கல்லை நட்டவர் யார் என்று சிறுவயதில் பாட்டியைக் கேட்டேன். வெள்ளைக்காரன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். தாவரவியல் மாணவனான பிறகே, அந்த வெள்ளைக்காரருள் தலையாயவர் ஆங்கிலேயர் அல்லர், ஜெர்மானியர் என்று அறிந்தேன். அவர்தாம் டீட்ரிக் பிராண்டிஸ்.

1824ஆம் ஆண்டு பான் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவப் பேராசிரியர். கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் ஆகிய நகரங்களில் பயின்று, பான் பல்கலைக்கழகத்திலேயே தாவரவியல் விரிவுரையாளரானார். 1856இல் டல்ஹவுசி பிரபு அவரைப் பர்மாவின் பெகு காடுகளுக்குக் கண்காணிப்பாளராக நியமித்தார்.

அங்கே வணிகர்கள் தேக்கு மரங்களைக் கணக்கின்றி வெட்டிக்கொண்டிருந்தனர். பிராண்டிஸ் யானைமீதேறிக் காடு காடாகச் சுற்றினார். வழியில் கண்ட தேக்குகளைப் பருமன்வாரியாக மூங்கில் துண்டுகளில் வெட்டுக்குறியிட்டு எண்ணினார். ஓராண்டில் எத்தனை மரம் முற்றுகிறதோ, அத்தனையே வெட்டலாம் என்பது அவர் கொள்கை. வட்டியை எடுக்கலாம், முதலைத் தொடலாகாது! மலைச்சரிவில் எரித்துப் பயிரிட்ட கரேன் மக்களை விரட்டாமல், பயிரோடு தேக்கையும் வளர்க்கச் செய்தார்.

1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். ரயில் பாதைக் கட்டைகளுக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தோன்ற வழிவகுத்தார்.

அவ்வாண்டு வந்த வனச்சட்டத்தில்தான் அவருடைய உள்ளம் வெளிப்பட்டது. காடு முழுவதும் அரசின் உடைமையே என்று வாதிட்டார் பேடன் பவல் என்னும் அதிகாரி. மக்களின் வழக்கமான உரிமைகளை மதிக்க வேண்டும், ஊருக்கென்று தனிக்காடு வேண்டும் என்றார் பிராண்டிஸ். சட்டத்தில் ஓங்கியது அரசின் கையே. ஊர்க்காடு பற்றிய பகுதி பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. 1881இல் அவர் சென்னை மாகாணத்திற்கும் வந்தார்; 1882இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. எங்கள் ஊர்க் கல்லின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அவரும் பேரரசின் ஊழியரே. மரத்தை வருவாயாக எண்ணிய அரசுக்கே உழைத்தவர். இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை. ஆயினும் ஓய்வு பெற்ற பின்பும் நம் மரங்களை அவர் மறந்தாரில்லை. 82ஆம் வயதில், 1906இல், 'இந்திய மரங்கள்' என்னும் பெருநூலை வெளியிட்டார். மறு ஆண்டே பான் நகரில் மறைந்தார்.

அந்நூல் வெளிவந்து சரியாக நூறாண்டு கழித்து, 2006இல், காட்டை நம்பி வாழ்வோரின் உரிமையை ஏற்கும் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியது. கல்லுக்கு அப்பால் மரங்கள் நிற்பதற்குப் பிராண்டிசுக்கு நன்றி சொல்வோம். கல்லுக்கு இப்பால் நிற்கும் மக்களையும் அவர் எண்ணிப் பார்த்தார், அதை மறவாதிருப்போமாக!