கைதட்டல் டாமுக்கு, காசு எஜமானுக்கு!

அமெரிக்காவில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தில், 1849-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் கறுப்பின அடிமைகள். குழந்தைக்கோ கண் தெரியாது.

அந்தக் குழந்தைதான், பின்னாளில் பியானோ வாசிப்பில் பெரும் புகழ் பெற்ற தாமஸ் விக்கின்ஸ். "குருட்டு டாம்" என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும்.

கேட்டதும் வாசித்தான்

டாமுக்கு ஒரு வயது ஆனபோது, ஜேம்ஸ் பெத்தூன் என்ற வக்கீல் அந்தக் குடும்பத்தையே விலைக்கு வாங்கினார்.

பெத்தூன் வீட்டுப் பெண்கள் பியானோ வாசிப்பார்கள். டாம் காது கொடுத்துக் கேட்பான். நான்கு வயதிலேயே தானும் வாசிக்கத் தொடங்கிவிட்டான். ஒரு தடவை கேட்டால் போதும். அப்படியே திருப்பி வாசிப்பான். சொந்தமாகவும் மெட்டுகள் அமைத்தான்.

1857-ல், 8 வயதில், மேடை ஏறினான். பிறகு, கச்சேரி நடத்தும் ஒருவருக்கு பெத்தூன் அவனைக் குத்தகைக்கு விட்டார். குத்தகைப் பணம் 15 ஆயிரம் டாலர்!

1860-ல் வெள்ளை மாளிகையில், ஜனாதிபதி புக்கானன் முன்னிலையில் டாம் வாசித்தான்.

விடுதலை வந்தது, சம்பளம் வரவில்லை

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களுக்கு நிதி திரட்ட, அந்த அடிமைச் சிறுவனையே வாசிக்க வைத்தார்கள்!

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் பெத்தூன் முந்திக்கொண்டார். டாமின் பெற்றோரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவர்களுக்கு ஆண்டுக்கு 500 டாலர், குடியிருக்க வீடு. வசூலில் பெரும்பங்கு பெத்தூனுக்கு!

1866-ல் டாம் ஐரோப்பா சென்றார. அங்கே மோஷலஸ், சார்லஸ் ஹாலே போன்ற பெரிய வித்வான்கள் அவரைச் சோதித்துப் பார்த்து வியந்தார்கள்.

அப்படிப்பட்டவரைத்தான், புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று 1870-ல் கோர்ட்டு முடிவு செய்தது. பெத்தூனின் மகன் ஜான் கார்டியன் ஆனார். மேடையில் டாம் மேதை. வரவு செலவுக் கணக்கில் பித்தர்!

தாய் தொடுத்த வழக்கு

1884-ல் ஜான் ரெயில் விபத்தில் இறந்தார். டாமின் தாய் சாரிட்டி, ஜானின் மனைவியோடு சேர்ந்து வழக்காடினார். 1887-ல் வழக்கு ஜெயித்தது. ஆனால் டாம் போனது ஜானின் மனைவி வசம். தாய்க்குப் பணமும் இல்லை, மகனும் இல்லை. ஏமாற்றத்தோடு ஊர் திரும்பினார்.

1908-ம் ஆண்டு ஜூன் மாதம் டாம் காலமானார். 1999-ல் அவருடைய மெட்டுகளை வேறொரு பியானோ கலைஞர் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார்.

கண் தெரியாததால் டாமின் வாசிப்பு குறைந்துவிடவில்லை. கூலிதான் குறைந்தது!