கம்பியில்லாத் தந்தி கண்ட மார்க்கோனி

சென்னை மாநகரின் வடபால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீண்டு கிடக்கும் பகுதி, உழைப்பாளர் நிறைந்து வாழும் பகுதியாகும். அங்கே ஒருபுறம் ஆலைகளின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கும். மற்றொருபுறம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஓய்வின்றி இயங்கும். இடையே விசைப்படகுகள் நெருங்கி நிற்கும். காசிமேட்டினின்று புறப்படும் படகு கரைவிளக்குகள் கண்ணுக்கு மறையும் தொலைவிற்குச் சென்றுவிடுமாயின், அதன்பின் படகினருக்கும் கரையினருக்கும் உறவாக நிற்பது ஒரு சிறு கருவியே. அதன் வாயிலாகப் பேசலாம். அதன் வாயிலாகவே கேட்கலாம். புயல் எழுந்ததைக் கரை படகிற்கு உரைக்கும். நீர் உட்புகுந்ததைப் படகு கரைக்கு உரைக்கும்.

முற்காலத்தில் இவ்வசதி இல்லை. கலங்கரை விளக்கம் கடலில் வருவோர்க்குக் கரையைக் காட்டியது. ஆனால் நடுக்கடலில் துன்புறுவோர் தம் நிலையைக் கரைக்கு அறிவிக்க வழி யாதும் இல்லாதிருந்தது. கரையை விட்டு நீங்கிய கப்பல், திரும்பி வந்தால்தான் உண்டு. இப்பெருங்குறையைப் போக்கப் பாடுபட்ட அறிஞருள் தலையாயவர் குலீல்மோ மார்க்கோனி ஆவார்.

மார்க்கோனி 1874ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரிற் பிறந்தார். தந்தையார் நிலக்கிழார், தாயார் அயர்லாந்து நாட்டினர். இளமையில் அவர் கல்லூரிப் பட்டம் எதுவும் பெற்றாரல்லர். எனினும், மின்னாற்றலைப் பற்றிய நூல்களை ஆர்வத்தோடு கற்றார். செருமானிய அறிஞர் எர்ட்சு என்பார், கம்பியின் துணையின்றியே மின்காந்த அலைகள் வெளியிற் பரவுவதை மெய்ப்பித்திருந்தார். 1894ஆம் ஆண்டில் எர்ட்சு மறைந்தபின், அவருடைய ஆய்வுகளைப் பற்றிய கட்டுரை ஒன்று மார்க்கோனியின் கண்ணிற் பட்டது. இவ்வலைகளைக் கொண்டு செய்தி அனுப்பினால் என்ன என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் முளைத்தது.

இவ்வெண்ணம் அவர் ஒருவருக்கே உரியதன்று. உருசிய நாட்டுப் போப்பவ், இங்கிலாந்து நாட்டு லாட்சு ஆகியோரும் அத்துறையில் உழைத்தனர். நம் நாட்டுச் சகதீச சந்திர போசு, 1895ஆம் ஆண்டிற் கொல்கத்தாவில், கண்ணுக்குப் புலனாகாத இவ்வலைகளைச் சுவர்களினூடே செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அறிஞர் பலர் இவ்வலைகளின் இயல்பினை ஆராய்ந்தனர். மார்க்கோனியோ, அவை மக்களுக்குப் பயன்படும் வழியைத் தேடினார்.

தந்தையாருடைய மாளிகையின் மேல்மாடியே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. முதலில் அவர் ஏவிய அலைகள் சில அடித் தொலைவே சென்றன. பின்னர் ஒரு கம்பியை உயரே நிறுத்தி, மற்றொன்றை நிலத்திற் புதைத்து ஆய்வு செய்தார். வான்கம்பி உயர உயர, செய்தி செல்லும் தொலைவும் பெருகியது. 1895ஆம் ஆண்டில் ஒருநாள், அவர்தம் தமையனார் பெறுங்கருவியோடு குன்றின் மறுபுறம் சென்றார். அங்கிருந்து இவரைக் காண இயலாது. ஆதலின் செய்தி எட்டியதும் துப்பாக்கியாற் சுட்டு அறிவிப்பது என ஏற்பாடு. மார்க்கோனி கருவியைத் தட்டினார். சிறிது நேரத்திற்குள் குன்றிற்கு அப்பாலிருந்து வேட்டொலி எழுந்தது.

1896ஆம் ஆண்டில் அவர் தம் தாயாருடன் இங்கிலாந்து சென்றார். அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்த பிரீசு என்பார் இவ்விளைஞரின் திறமையை உணர்ந்து துணை நின்றார். 1897இல் பிரிசுட்டல் கடற்காலின் குறுக்கே செய்தி சென்றது. அவ்வாண்டிலேயே மார்க்கோனி ஒரு வணிகக் கழகத்தையும் நிறுவினார். 1899ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சிற்கும் இங்கிலாந்திற்கும் இடையே செய்தி பறந்தது.

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்று உலகின் கருத்தைக் கவர்ந்தது. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், மணல்திட்டுகளிற் கப்பல்கள் மோதாவண்ணம் காக்க, விளக்குக் கப்பல் ஒன்று நங்கூரமிட்டு நின்றது. அதில் மார்க்கோனியின் கருவி பொருத்தப்பட்டிருந்தது. 1899ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், மூடுபனியில் வந்த கப்பலொன்று அவ்விளக்குக் கப்பலின் மீதே மோதிற்று. பிறரைக் காக்க நின்ற கப்பல் தானே உதவி வேண்டிக் கரைக்குச் செய்தி விடுத்தது. கம்பியில்லாத் தந்தி கடலோடிகளின் உயிர்த்துணை என்பது அன்றே தெளிவாயிற்று.

ஆயினும், அட்லாண்டிக்குப் பெருங்கடலின் குறுக்கே இவ்வலைகள் செல்லா என்றே அறிஞர் பலர் கருதினர். ஒளியைப் போல் நேர்கோட்டிற் செல்லும் அலைகள், உருண்டையான நிலவுலகின் வளைவைத் தொடர்ந்து எங்ஙனம் செல்லும் என்பது அவர்தம் ஐயம். மார்க்கோனி தளர்ந்தாரல்லர். இங்கிலாந்தின் போல்தூ என்னும் கடற்கரையில் ஆற்றல் மிக்க நிலையம் ஒன்றை அமைத்தார். 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் வீசிய கடுங்காற்று அதன் தூண்களைச் சாய்த்தது. அவர் மீண்டும் எளிய முறையிற் கம்பிகளை நிறுத்தினார். பின்னர்க் கடலைக் கடந்து நியூபவுண்டுலாந்துத் தீவை அடைந்தார். அங்கே குளிர்காற்றிற் காற்றாடி ஒன்றைப் பறக்கவிட்டு, அதிற் கட்டிய கம்பியை வான்கம்பியாகக் கொண்டார். டிசம்பர் 12ஆம் நாள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த மூன்று சிறு ஒலிகள் தம் செவியில் விழுந்தன என அவர் அறிவித்தார். அதனை ஐயுற்றோரும் இருந்தனர். அடுத்த ஆண்டு கப்பலிற் பயணம் செய்தவாறே, வந்த செய்திகளைத் தாளிற் பதிவு செய்து காட்டி அவ்வையத்தைப் போக்கினார். பகலினும் இரவில் அலைகள் நெடுந்தொலைவு செல்வதையும் அப்பயணத்திலேயே கண்டறிந்தார். நிலவுலகிற்கு மேலே மின்தன்மை வாய்ந்த காற்றடுக்கு ஒன்று இருந்து அலைகளைத் திருப்பியனுப்புகிறது என்னும் உண்மை பிற்காலத்தில் விளங்கிற்று. 1909ஆம் ஆண்டில் அவருக்கும் செருமானிய அறிஞர் பிரவுனுக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

இனி, அவர் வாழ்வில் குறையென்று கூறத்தக்க ஒன்றையும் நாம் அறிதல் வேண்டும். மார்க்கோனி அறிஞர் மட்டுமல்லர், வணிகரும் ஆவார். தம் கழகத்தின் கருவிகளை உடைய நிலையங்கள், பிறர் செய்த கருவிகளை உடைய கப்பல்களோடு பேசுதல் கூடாது என்பது அவர் வகுத்த விதி. வணிகத்திற்கு அது ஆதாயம். கடலில் தவிப்போர்க்கோ அது கேடு. மூழ்கும் கப்பலின் கருவி எவருடைய பட்டறையிற் செய்யப்பட்டது என்று கேட்டு உதவுவது அறமாகுமோ? 1906ஆம் ஆண்டிற் பெர்லினிற் கூடிய பல நாட்டு அவை, எந்த முறைக் கருவியாயினும் கரை நிலையமும் கப்பலும் ஒன்றோடொன்று பேசியே தீர வேண்டும் என விதித்தது. எஸ்.ஓ.எஸ். என்னும் பொதுவான ஆபத்துக் குறியையும் அவ்வவையே ஏற்றுக்கொண்டது.

இக்கருவியின் பெருமையையும் சிறுமையையும் இரண்டு நிகழ்ச்சிகள் காட்டின. 1909ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ரிபப்ளிக் என்னும் கப்பல் மூடுபனியில் மற்றொரு கப்பலோடு மோதி உடைந்தது. மின்சாரம் நின்றது. ஆயினும் சேமக்கலங்களின் ஆற்றலைக் கொண்டு தந்தியாளர் இடைவிடாது செய்தி விடுத்தார். உதவிக்கப்பல் வந்தது, இருகப்பல்களிலும் இருந்த 1,500 பேர்க்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதில் இருந்தது அந்நாளில் மிகுந்த ஆற்றல் வாய்ந்த மார்க்கோனிக் கருவி. அதன் தந்தியாளர் இருவரும் இறுதிவரை கடமையினின்று வழுவாது செய்தி விடுத்தனர். ஆனால் அருகே நின்ற கலிபோர்னியன் என்னும் கப்பலின் தந்தியாளர் ஒருவரே. அவர் வேலை முடிந்து உறங்கச் சென்றுவிட்டார். அக்கப்பலின் கருவி செவிடாயிற்று. ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கார்ப்பாத்தியா என்னும் கப்பலின் தந்தியாளரும் படுக்கைக்குச் செல்லும் வேளையே அது. எனினும் காதிற் கருவியை அகற்றாதிருந்தமையால் அவலக்குரல் அவருக்குக் கேட்டது. அக்கப்பல் விரைந்து வந்து 700 பேர்க்கு மேற்பட்டோரை மீட்டது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அப்போது நியூயார்க்கில் இருந்த மார்க்கோனி, மீண்டு வந்தோரைச் சுமந்த அக்கப்பலுக்கு நேரிற் சென்றார். உரத்துக் கூவும் கருவி மட்டும் போதாது, உறங்காது கேட்கும் செவியும் வேண்டும் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. பயணிக் கப்பல்களில் இரவு பகலாகச் செய்தி கேட்போர் இருத்தல் வேண்டும் என்னும் விதி 1914ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இடம்பெற்றது.

அவ்வாண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிக் குண்டு மாரி பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் அஞ்சி நகரை விட்டு ஓடினர். எம்டன் இருளில் மறைந்தது. பிடிபடாது திரிந்த அக்கப்பல் நவம்பர் 9ஆம் நாள் இந்தியப் பெருங்கடலிலுள்ள கோக்கசுத் தீவை அடைந்தது. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிப்பது அதன் நோக்கம். நிலையத்தார் புதிய கப்பல் வருவதைக் கண்டனர். உடனே கம்பியில்லாத் தந்தியால் உதவி வேண்டினர். எம்டன் தன் கருவியால் இரைச்சல் எழுப்பி அச்செய்தியை அமிழ்த்த முயன்றது, இயலவில்லை. அண்மையிற் சென்றுகொண்டிருந்த ஆத்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதனைக் கேட்டு விரைந்து வந்து எம்டனை வீழ்த்தியது. சென்னையை நடுங்கச் செய்த கப்பலின் கதை, மார்க்கோனி வளர்த்த கலையின் ஓர் அவசரச் செய்தியால் முடிவுற்றது.

1912ஆம் ஆண்டில் நேர்ந்த வண்டி விபத்தொன்றில் மார்க்கோனி தம் வலக்கண்ணை இழந்திருந்தார். ஆயினும் ஆய்வை விட்டாரல்லர். தொலைவு பெருக வேண்டுமாயின் நீண்ட அலைகளும் பேராற்றலும் வேண்டும் என்பதே அதுவரை அவர் கொண்ட கொள்கை. போருக்குப்பின் அதனைத் தாமே மறு ஆய்வு செய்தார். எலெத்ரா என்னும் தம் கப்பலையே ஆய்வுக்கூடமாக்கிக் கடலிற் சென்று சோதித்தார். சிற்றலைகளைத் தக்க வான்கம்பியால் ஒருமுகப்படுத்தினால், சிறிய ஆற்றலே நெடுந்தொலைவிற்குப் போதும் எனக் கண்டார். பல்லாண்டு பற்றியிருந்த கருத்தாயினும், சோதனை மாற்றிக் கூறியபோது அதனை விட்டுவிட அவர் தயங்கவில்லை. அப்புதிய முறையில் 1927ஆம் ஆண்டில் இங்கிலாந்திற்கும் இந்தியாவிற்கும் இடையே தந்தித் தொடர்பு ஏற்பட்டது. அதன் இந்திய நிலையங்கள் புனேக்கு அருகே கட்கியிலும் தவுண்டிலும் அமைந்தன.

பிற்காலத்தில் முசோலினியின் கொடுங்கோலாட்சிக்கு அவர் துணை நின்றது அவர்தம் புகழிற் படிந்த மாசாகும். 1937ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் உரோமாபுரியில், தம் 63ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருக்கு வணக்கம் செலுத்தும் வகையில் உலகின் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன. உலகைப் பேசவைத்தவருக்கு உலகம் பேசாதிருந்தே மரியாதை செய்தது.

மார்க்கோனியின் வாழ்வு, ஆபத்துக் காலத்திற்குரிய கருவியைத் தேர்ந்தெடுப்போர்க்கு இன்றும் வழிகாட்டும். முதலில் அறிய வேண்டுவது தொலைவு. கரையை ஒட்டிச் செல்லும் படகிற்கு வி.எச்.எப். எனப்படும் கருவி ஏற்றது. அதன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வதால், ஆற்றலைப் பெருக்குவதினும் வான்கம்பியை உயர்த்துவதே மிகுந்த பயன் தரும். நெடுங்கடலுக்குச் செல்லும் கப்பலுக்குச் சிற்றலைக் கருவியோ செயற்கைக்கோளின் துணையோ வேண்டும். அடுத்தது மின்னாற்றல், பொறி நின்றபின்னும் பேசுதற்குத் தனிச் சேமக்கலம் இருத்தல் வேண்டும். அதற்கும் மேலானது பொதுமை. எல்லாரும் கேட்கும் பொதுவழியிற் பேசாத கருவி விலையுயர்ந்ததாயினும் பயனற்றதே. வி.எச்.எப். கருவியில் 16ஆம் வழி இதற்கெனவே உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. இவையெல்லாம் அமைந்தாலும் கேட்போர் இல்லையேல் பயன் யாது? ஆதலாற்றான் கடலோரக் காவற்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் சென்னையில் இரவு பகலாக விழித்திருக்கின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கித் தொலைபேசிகள் செயலற்றபோது, அங்கே தங்கியிருந்த அமெச்சூர் வானொலியாளர் சிலர் தம் சிறு சிற்றலைக் கருவிகளால் பெருநிலத்தோடு தொடர்பு கொண்டனர். பெரிய நிலையங்கள் அடங்கிய வேளையில் சிறிய கருவி பேசிற்று; கடலுக்கு இப்பால் அதனைக் கேட்போரும் இருந்தனர்.

அழைப்பவர் குரல் ஒரு பாதி. கேட்பவர் செவி மறுபாதி. இவ்விரண்டும் கூடுமிடத்தே உயிர்கள் பிழைக்கின்றன. கடலிற் செல்வோர் தக்க கருவியைத் தேர்ந்து கொள்க. கரையில் இருப்போர் செவி சாய்த்து விழித்திருக்க. மார்க்கோனி தொடங்கிய பணி அவ்வாறே நிறைவு பெறும்.