ஆசாரியர் தருமானந்த கோசம்பி

மெல்லிய மனம் படைத்தோர் உலகில் பலர் உளர். பிறர் எளிதில் மறந்துவிடும் ஒரு சொல் அவர்கள் நெஞ்சில் நெடுநாள் தங்கும். பிறர் துயரம் அவர்களைத் தம் துயரமாகவே வருத்தும். இத்தகையோர் தம் இயல்பையே ஒரு குறையெனக் கருதித் தம்மைத் தாமே வெறுத்துக்கொள்வதும் உண்டு. அவர்கள் அறிந்து பயன்கொள்ளத்தக்கது ஆசாரியர் தருமானந்த கோசம்பியின் வாழ்க்கை.

இவர் 1876-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள், அந்நாளில் போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்த கோவாவில், சாங்க்வாள் என்னும் சிற்றூரில் பிறந்தார். உடல் நலிந்த பிள்ளை. பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றது; குடும்பத்துத் தென்னந்தோப்பைப் பார்க்கும் வேலை வந்து சேர்ந்தது. இளமையிலேயே பாலாபாய் என்னும் மங்கையை மணம் செய்து வைத்தனர். ஆயினும் அவர் மனம் எதிலும் ஒட்டவில்லை. வீட்டை விட்டுப் புறப்படுவதும், பிரிவைத் தாளாது திரும்புவதுமாக இருந்தார். தாம் ஒன்றுக்கும் உதவாதவர் என்னும் எண்ணம் அவரை வாட்டியது.

அந்நிலையில் மராத்திச் சிறுவர் இதழ் ஒன்றில் புத்தர் பெருமானின் வரலாறு அவர் கண்ணிற் பட்டது. துக்கத்தைக் கண்டு அஞ்சாமல் அதன் காரணத்தை ஆராய்ந்த ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார் என்பதை அறிந்ததும், அவர் உள்ளத்தில் ஒரு குறிக்கோள் பிறந்தது.

1899-இன் இறுதியில் வீட்டைத் துறந்து புனே சென்றார். காசியில் அன்னசத்திரத்தில் உண்டு வடமொழி பயின்றார். 1902-இல் பௌத்தத்தைத் தேடி நேபாளம் வரை நடந்து, அங்குக் கண்ட நிலையால் மனம் சோர்ந்து, புத்தகயை வழியாகக் கல்கத்தாவையும், பின்னர் இலங்கையையும் அடைந்தார். கொழும்பு வித்தியோதய பிரிவேனாவில் சுமங்கல தேரரிடம் பாலி மொழி கற்றுத் துறவு பூண்டார். அதன்பின் சென்னைக்கு வந்தபோது, நம் இலட்சுமி நரசு, சிங்காரவேலர் ஆகியோரின் நட்பைப் பெற்றார். அங்கிருந்து பர்மா சென்று தியானம் பயின்றார்.

ஏறக்குறைய ஏழாண்டுகள் கழிந்தபின் ஊர் திரும்பினார். அக்காலம் முழுதும் கைக்குழந்தையோடு காத்திருந்தவர் பாலாபாய். அவ்வம்மையார் பட்ட துன்பத்தை மறந்து கோசம்பியின் பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையாகாது. கோசம்பி துவராடையைக் களைந்து ஆசிரியப் பணியை மேற்கொண்டார். மீண்டும் இல்லறத்தில் நின்றார். பின்னாளில் கணிதத்திலும் வரலாற்றாய்விலும் புகழ்பெற்ற தாமோதர் கோசம்பி 1907-இல் பிறந்த இவர் மகனே.

கல்கத்தாவில் பாலி கற்பித்துவந்தவர், தம் மராட்டிய மக்களுக்கு இவ்வறிவு சேர வேண்டும் என்று விரும்பினார். உயர்ந்த ஊதியத்தை விடுத்து, பரோடா மன்னர் சாயாஜிராவ் திங்கள்தோறும் அளித்த 50 ரூபாயை ஏற்றுக்கொண்டார். 1910-இல் அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்று, வாரன் என்னும் அறிஞர் முடிக்காது விட்டுச்சென்ற விசுத்திமக்கப் பதிப்பில் உழைத்தார். பதிப்பாசிரியர் என்னும் உரிமை பற்றிப் பேராசிரியர் லான்மனோடு பிணக்கு நேர்ந்தது. மனம் புண்பட்டு 1912-இல் தாயகம் திரும்பினார். ஆயினும் பணியை வெறுத்தாரல்லர். மீண்டும் பலமுறை அங்குச் சென்று அதனை நிறைவேற்றினார். அந்நூல் அவர் மறைவுக்குப்பின் 1950-இல் அங்கு வெளிவந்தது. புண்பட்ட மனத்தோடேயே ஒருவர் பெரும்பணி ஆற்ற இயலும் என்பதற்கு இது சான்றன்றோ!

புனே பெர்குசன் கல்லூரியில் 1912 முதல் 1918 வரை பாலி கற்பித்து, பி. வி. பாபட் முதலிய அறிஞர்களை உருவாக்கினார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பம்பாயில் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளரும் ஒடுக்கப்பட்டோரும் வாழ்ந்த இடத்தில், பகுஜன விகாரையை நிறுவினார். அவர் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாறு பல இந்திய மொழிகளிற் பெயர்க்கப்பட்டுள்ளது.

முதுமையில் நோயுற்று, 1947 ஜூன் திங்களில் சேவாகிராமத்தில் உணவைத் துறந்து உயிர் நீத்தார். மத்திம மார்க்கத்தைப் போற்றும் நாம் அம்முடிவை வழியாகக் கொள்ளவேண்டுவதில்லை; அவர் வாழ்ந்த வாழ்வையே வழியாகக் கொள்வோம்.

கோசம்பியின் மென்மனம் இறுதிவரை மென்மனமாகவே இருந்தது. இளமையில் அவரை வீட்டை விட்டு ஓடச் செய்ததும் அதுவே. எளியோர் நடுவே விகாரை எழுப்பச் செய்ததும் அதுவே. தன்பால் காட்டும் மைத்திரியும் தருமமே ஆகும். தம் இயல்பை நொந்துகொண்டிருப்போர் அதனை ஒரு நற்பணியில் ஈடுபடுத்துவாராக. அப்பணியே அவர்களுக்குத் தம்மை ஏற்கும் துணிவைத் தரும்.