கடலின் நிறத்தில் மீனைத் தேடியவர் – சர் அலிஸ்டர் ஹார்டி

சந்தையில் ஐஸ் கட்டிகளின்மேல் அடுக்கி வைத்திருக்கும் கெம்போங் மீனைப் பார்க்கும்போது, அதைப் பிடித்தவர் எங்கே தேடிப் பிடித்தார் என்று நாம் யோசிப்பதில்லை. கரையிலிருந்து பல மைல் தள்ளி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி தெரியும் நீர்ப்பரப்பில் மீன் கூட்டம் எங்கே இருக்கிறது? தவறான இடத்தில் வலை விரித்தால் எரிபொருள் வீண், உழைப்பு வீண், ஓர் இரவும் வீண்.

இன்று இந்தக் கேள்விக்கு விடை தேட செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. அவை கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் அளந்து, மீன் கூடக்கூடிய இடங்களைக் கணிக்கத் துணைபுரிகின்றன. ஆனால் செயற்கைக்கோள் என்ற ஒன்று பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சிறு பட்டுத்துணி வட்டத்தைக் கொண்டு இதே வேலையைச் செய்து பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் சர் அலிஸ்டர் ஹார்டி.

கடலுக்கு அப்பால் பிறந்தவர்

ஹார்டி 1896ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். அது கடற்கரை ஊர் அன்று. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள நகரம். தந்தை கட்டடக் கலைஞர். மகனுக்கும் ஓவியத்தில் கை நன்றாக ஓடியது. இயற்கையை உற்றுப் பார்ப்பதும், பார்த்ததை வரைந்து வைப்பதும் கடைசிவரை அவரை விட்டு நீங்காத பழக்கங்கள்.

ஓண்டல் பள்ளியில் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நேரத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. படிப்பு நின்றது, ஹார்டி இராணுவத்தில் சேர்ந்தார். அவரது ஓவியத் திறமை அங்கேயும் பயன்பட்டது. எதிரியின் கண்ணுக்குத் தெரியாதபடி உருமறைப்புச் செய்யும் பிரிவில் அவருக்குப் பயிற்சி தரப்பட்டது. போர் முடிந்ததும் ஆக்ஸ்போர்டு திரும்பி, ஜூலியன் ஹக்ஸ்லி போன்ற அறிஞர்களிடம் விலங்கியல் பயின்றார்.

மீனின் வயிற்றில் கிடைத்த விடை

1921இல் லோஸ்டோஃப்ட் என்ற துறைமுக நகரில் இருந்த அரசாங்க மீன்வள ஆய்வுக்கூடத்தில் ஹார்டிக்கு வேலை கிடைத்தது. அக்காலத்தில் வடகடலோரத் துறைமுகங்களுக்கு ஹெர்ரிங் மீன்தான் உயிர். நாம் உண்ணும் மத்தி மீனின் உறவு அது. மாலை மயங்கும் நேரத்தில் படகுகள் நீண்ட வலைகளைத் திரைச்சீலைபோல் கடலில் தொங்கவிடும். இரவில் மேலே எழும்பி வரும் ஹெர்ரிங் கூட்டம் அதில் சிக்கினால் ஒரு குடும்பத்துக்குக் கூலி, சிக்காவிட்டால் வெறுங்கை. எங்கே வலை விடுவது என்பது படகுத் தலைவரின் அனுபவத்தையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது.

ஹார்டி இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். மீனைத் தேடுவதற்கு முன், மீன் எதைத் தேடுகிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தார். குஞ்சு முதல் பெரிய மீன் வரை, வெவ்வேறு வயதுடைய ஹெர்ரிங் மீன்களின் வயிற்றில் இருந்த உணவைப் பொறுமையாக ஆராய்ந்தார். 1924இல் வெளியான அந்த ஆய்வில், ஹெர்ரிங் தன் வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தெந்த உயிரை உண்கிறது, அந்த உயிர் எதை உண்கிறது என்பதைக் கோடுகளால் இணைத்து ஒரு வரைபடம் வரைந்தார். உணவுச் சங்கிலி, உணவு வலை என்று இன்று நீங்கள் அறிவியல் பாடத்தில் படிக்கிறீர்களே, அதற்கான தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் புகழ்பெற்றது அந்தப் படம்.

அந்த வலையின் அடியில் இருந்தவை பிளாங்க்டன் எனப்படும் மிதவை உயிரிகள். அவை இரண்டு வகை. சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் பச்சை நிறத் தாவர மிதவைகள் ஒரு வகை. அவற்றைத் தின்று வாழும் சிறு விலங்கு மிதவைகள் இன்னொரு வகை. வளர்ந்த ஹெர்ரிங் மீன் முக்கியமாகத் தேடி உண்பது கலானஸ் என்ற, அரிசி மணி அளவே உள்ள செந்நிற உயிரியை.

பட்டுத்துணி சொன்ன செய்தி

கலானஸ் இருக்கும் இடம் தெரிந்தால் ஹெர்ரிங் இருக்கும் இடமும் தெரியுமல்லவா? இந்த எண்ணத்தில் ஹார்டி உருவாக்கியதுதான் பிளாங்க்டன் காட்டி என்ற எளிய கருவி. சிறு குண்டு போன்ற வடிவமுடைய உலோகக் குழாய் அது. முன்னால் ஒரு துளை. உள்ளே ஒரு பட்டுத்துணி வட்டம். படகின் பின்னால் கயிற்றில் கட்டிச் சிறிது தூரம் இழுத்தால், துளை வழியே புகும் நீர் துணியில் வடிந்து வெளியேறும். மிதவை உயிரிகள் துணியில் தங்கிவிடும்.

துணியை எடுத்துப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை. பச்சைப் பசையாகப் படிந்திருந்தால் அங்கே தாவர மிதவைகள் மிகுதி. செந்நிறமாகப் படிந்திருந்தால் கலானஸ் மிகுதி. 1930களில் ஹெர்ரிங் படகுத் தலைவர்கள் பலர் இந்தக் கருவியை இழுத்துச் சென்று, துணி வட்டங்களையும் அன்றைய மீன் அளவையும் ஹார்டியின் குழுவுக்கு அனுப்பினார்கள். 1936இல் முடிவுகள் வெளிவந்தன. கலானஸ் மிகுந்த நீரில் வலை விட்டவர்களுக்குச் சராசரியாக அதிக மீன் கிடைத்திருந்தது. தாவர மிதவைகள் அடர்ந்த பச்சை நீரில் ஹெர்ரிங் குறைவாகவே அகப்பட்டது.

எல்லா இடத்திலும் எல்லாப் பருவத்திலும் இந்தக் கணக்கு ஒரே மாதிரி பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் எதிரொலி மூலம் மீன் கூட்டத்தை நேரடியாகக் காட்டும் கருவிகள் வந்தபோது, பட்டுத்துணி வட்டம் ஓய்வுபெற்றது. ஆனால் அதன் பின்னால் இருந்த எண்ணம் ஓய்வுபெறவில்லை.

தென்கடல் பயணம்

இதற்கிடையில், 1925இல் ஹார்டிக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. கேப்டன் ஸ்காட் முன்பு அண்டார்டிகாவுக்குச் சென்ற அதே 'டிஸ்கவரி' கப்பல், திமிங்கிலங்களை ஆராயத் தென்கடலுக்குப் புறப்பட்டது. ஹார்டி அதன் தலைமை விலங்கியல் அறிஞர். தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றித் திமிங்கில வேட்டை மும்முரமாக நடந்த காலம் அது. திமிங்கிலங்கள் அடியோடு அழிந்துவிடாமல் இருக்க வேண்டுமானால், முதலில் அவற்றின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம்.

அங்கே ஹார்டி ஒன்றைக் கவனித்தார். மிதவை உயிரிகள் கடல் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. வானத்து மேகங்களைப்போல் திட்டுத் திட்டாக இருந்தன. கப்பலை அங்கங்கே நிறுத்தி வலை போட்டுப் பார்த்தால் இரண்டு இடங்களுக்கு நடுவே இருப்பது தெரியாமலே போய்விடும். அப்படியானால் கப்பல் நிற்காமல் ஓடும்போதே தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் அவர் பெயரை நிலைநிறுத்திய தொடர் பிளாங்க்டன் பதிவுக் கருவி.

கருவியின் முன்புறம் விரல் நுழையும் அளவே உள்ள ஒரு துளை. உள்ளே நீண்ட பட்டுச் சுருள். கப்பல் இழுக்கும் வேகத்தில் பின்னாலுள்ள சிறு விசிறி சுழலும். அது பல்சக்கரங்கள் வழியாகச் சுருளை மெல்ல நகர்த்தும். நீரில் வரும் உயிரிகள் துணியில் படிந்ததும், இன்னொரு பட்டுத்துணி மேலே வந்து மூடிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து சுருண்டு, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்துக்குள் போய்விடும். பிறகு சுருளை விரித்தால், எந்தக் கடல் மைலில் எந்த உயிரி இருந்தது என்பதை ஒரு நாட்குறிப்பைப்போல் படிக்கலாம்.

சரக்குக் கப்பல்கள் செய்த உதவி

பயணம் முடிந்து திரும்பிய ஹார்டி 1927இல் சில்வியா கார்ஸ்டாங் என்பவரை மணந்தார். அவருடைய தந்தை வால்டர் கார்ஸ்டாங்கும் பேர்பெற்ற கடல் உயிரியலாளர். 1928இல் ஹல் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் விலங்கியல் பேராசிரியராக ஹார்டி பொறுப்பேற்றார்.

ஆய்வுக் கப்பல் ஓட்ட ஏராளமான பணம் வேண்டும். ஹார்டியிடம் அது இல்லை. ஆனால் ஹல் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பல்கள் வடகடலைக் கடந்து வழக்கமாகப் போய்வந்தன. அவற்றின் பின்னால் தம் கருவியைக் கட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார். அறிவியல் தெரியாத மாலுமியும் எளிதில் கடலில் இறக்கி ஏற்றும்படி கருவியைச் சிறிதாக்கினார். 1931இல் ஒரு சரக்குக் கப்பல் முதன்முதலாக அதை இழுத்துச் சென்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றுபோன பணி போருக்குப் பின் மீண்டும் தொடங்கி, இன்றுவரை நடக்கிறது. இப்போது பிளிமத் நகரிலிருந்து இயங்கும் இத்திட்டத்தில், 60 இலட்சம் கடல் மைலுக்கும் மேல் கருவிகள் இழுக்கப்பட்டுள்ளன.

விண்ணிலிருந்து அதே பாடம்

1978இல் கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே ஒரு கருவியைச் சுமந்து நிம்பஸ்-7 செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றது. தாவர மிதவைகளில் உள்ள பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அவை மிகுந்த இடத்தில் கடலின் நீலம் குறைந்து பசுமை கூடுகிறது. இந்த நிற மாற்றத்தைச் செயற்கைக்கோள் அளக்கிறது. வேறு கருவிகள் கடல்மட்ட வெப்பத்தை அளக்கின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லைகளில் உணவு சேர்கிறது. உணவைத் தேடி மீனும் சேர்கிறது. இவ்விரண்டு தகவல்களையும் சேர்த்து, இந்தியாவில் ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. தமிழக மீனவர்களுக்கு அது தமிழிலேயே கிடைக்கிறது.

இருந்தும் பட்டுத்துணியின் வேலை முடியவில்லை. செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேற்பரப்பை மட்டுமே. மேகம் மறைத்தால் அதுவும் தெரியாது. எந்த வகை உயிரி என்பதை விரித்துச் சொல்ல ஹார்டியின் சுருள் வேண்டும். செயற்கைக்கோள் வருவதற்கு முன் கடல் எவ்வளவு பச்சையாக இருந்தது என்பதைக் காட்டவும் அந்தப் பழைய சுருள்களே உதவுகின்றன. கடல் வெப்பமடைவதால் மிதவை உயிரிகள் வடக்கே நகர்ந்திருப்பதை அவை காட்டின. 1960களிலிருந்தே கடலில் நுண் பிளாஸ்டிக் துகள்கள் பெருகிவந்ததும் அவற்றின் மூலமே தெரியவந்தது.

அறிவின் மறுபக்கம்

மீனைக் கண்டுபிடிப்பது எளிதானால், மீனை அழிப்பதும் எளிதாகிறது. ஹார்டியின் வாழ்நாளிலேயே அது நடந்தது. மேலும் மேலும் திறன் வாய்ந்த கருவிகளாலும் வலைகளாலும் வடகடலின் ஹெர்ரிங் கூட்டங்கள் வற்றிப்போயின. 1977இல் அங்கே ஹெர்ரிங் பிடிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. தடையும் கட்டுப்பாடும் வந்த பிறகுதான் அந்த மீன் மெல்ல மீண்டது. எங்கே மீன் இருக்கிறது என்ற அறிவோடு, எவ்வளவு எடுக்கலாம் என்ற அறிவும் சேர்ந்து வர வேண்டும். இல்லாவிட்டால் முதல் அறிவே கேடாகிவிடும்.

நிறைவான வாழ்க்கை

ஹார்டி பின்னர் அபெர்டீனிலும், 1946 முதல் 1961 வரை ஆக்ஸ்போர்டிலும் பேராசிரியராக இருந்தார். கடலைப் பற்றிப் பொதுமக்களுக்காக அவர் எழுதிய நூல்களில் தம் கையாலேயே வண்ணப் படங்கள் வரைந்து சேர்த்தார். 1957இல் சர் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் இளைஞராக இருந்தபோது, உயிர் பிழைத்தால் அறிவியலையும் ஆன்மிகத்தையும் இணைத்துப் பார்க்கப் பாடுபடுவதாகத் தமக்குள் ஓர் உறுதி எடுத்திருந்தார். அதை மறக்காமல், 1969இல் மனிதர்களின் சமய அனுபவங்களை ஆராய ஒரு மையத்தை ஆக்ஸ்போர்டில் தொடங்கினார். அப்பணிக்காக 1985இல் டெம்பிள்டன் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், தமது 89ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மாணவர்களே, ஹார்டியிடம் பெரிய கப்பலோ பெருந்தொகையோ இருக்கவில்லை. ஒரு முழத் துணியும், அடுத்தவர் கப்பலும், சரியான ஒரு கேள்வியும் இருந்தன. நாமும் எதையாவது தேடி அலையும்போது, சற்று நின்று, தேடப்படுவது எதைத் தேடுகிறது என்று கேட்டுப் பார்ப்போம். விடை அங்கேயே கிடைக்கலாம்.