சிங்காரத்தோப்பில் குறையாத மகிழ்ச்சி



1809-இல் பொன்னுநாடார், வெயிலாள் அம்மை மகனாய் வந்து, முத்துக்குட்டி என்ற பெயரோடு வளர்ந்தார் அய்யா. தலைப்பாகை கட்டவும், தோளில் துண்டு போடவும் சான்றோர் மக்களுக்கு அன்று உரிமை இல்லை. தலைவரியும் கூலியில்லா ஊழியமும்தான் உண்டு.

இருபத்திநாலாம் வயதில் நோயால் நடை இழந்தவரைத் தாயார் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார். கடலுக்குள் சென்றவர் மூன்றாம் நாள், 1008 மாசி 20 அன்று, வைகுண்டராய் எழுந்தருளினார்.

தவத்தில் இருந்த அய்யாவைத் திருவிதாங்கூர் மன்னன் ஆட்கள் கட்டி, அடித்து இழுத்துச் சென்று சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். சுண்ணாம்புக் காளவாசல், மிளகாய்ப் புகை, புலி என நடந்த சோதனைகளை அகிலத்திரட்டு சொல்லுகிறது. அய்யா சபிக்கவும் இல்லை, சோரவும் இல்லை. ஒரு சாதியாருக்கு மட்டும் போதிப்பேன் என்று ஒப்புக்கொண்டால் விடுதலை என்றபோதும் இணங்கவில்லை. உள்ளிருக்கும் ஈசனை எந்தப் பூட்டு பூட்டும்?

1839 மாசியில் விடுதலை. அழுதுகொண்டு பின்சென்ற மக்களே அய்யாவை வாகனத்தில் ஏற்றிப் பாடிக்கொண்டு சாமித்தோப்புக்கு வந்தார்கள்.

பிறகு எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் தவசு இருந்தன. கடலில் குளித்து, துணி துவைத்து, ஒருவேளை மட்டும் பச்சரிசியும் சிறுபயறும் உண்டார்கள். வயிறு சுருங்கியது, முகம் மலர்ந்தது. ஏனெனில் அய்யா தங்களுக்குள் இருப்பதைக் கண்டுகொண்டார்கள்.

இன்று வீட்டில் இழப்பு வந்தாலும், தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நில்லுங்கள். அங்கே தெரிபவர் தனியாக இல்லை.

அய்யா உண்டு!