செஞ்சோற்றுக் கடன் தீர்த்த விஞ்ஞானி

நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போது நாம எல்லாரும் பொதுவா ஒரே பாட்டையில்தான் போவோம். கஷ்டப்பட்டார், படித்தார், சாதித்தார், நாமும் அப்படி இருக்கணும். இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டவர் அந்தப் பாட்டையில் வர மாட்டார். அவருடைய கண்டுபிடிப்பு இல்லைன்னா இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோறு கிடைக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதே மனிதர்தான் போர்க்களத்தில் விஷவாயுவைத் திறந்துவிட ஏற்பாடு செய்தவர். பெயர் ஃபிரிட்ஸ் ஹேபர். ஜெர்மானிய வேதியியலாளர்.

கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற எங்களுக்கு ஹேபர் என்றால் ஒரு சமன்பாடு. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா. பரீட்சைக்கு அது போதும். ஆனா அந்தச் சமன்பாட்டுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்கு மகாபாரதத்துக் கர்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தான். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

வாசலில் நின்ற பிள்ளை

ஹேபர் 1868 டிசம்பர் 9-ஆம் தேதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று ஜெர்மனியரின் ஊர். இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. யூதக் குடும்பம். அப்பா சாயப்பொருள் வியாபாரி. பிள்ளை பிறந்த சில வாரங்களிலேயே அம்மா இறந்துவிட்டார்.

பெர்லின், ஹைடல்பெர்க் என்று பெரிய இடங்களில் படித்து 1891-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். நடுவில் ஒரு வருடம் பீரங்கிப் படையில் கட்டாய ராணுவப் பணி. அது முடிந்ததும் ரிசர்வ் அதிகாரியாக ஆசைப்பட்டார். கிடைக்கவில்லை. அன்றைய ஜெர்மனியில் ஒரு யூதப் பையன் அதிகாரியாவது நடக்காத காரியம். இருபதுகளிலேயே மதம் மாறிக் கிறிஸ்தவரானார். தான் முழு ஜெர்மானியன் என்று நாடு ஒத்துக்கொள்ளணும் என்ற தவிப்பு அவருக்குள் கடைசி வரை இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க. பின்னால் நடந்தது பலவற்றுக்கும் இதுதான் வேர்.

காற்றைப் பிடித்த கதை

1898-இல் இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ் என்ற விஞ்ஞானி ஓர் எச்சரிக்கை விட்டார். ஜனத்தொகை ஏறுது, கோதுமைக்குப் போட நைட்ரஜன் உரம் போதாது, சிலி நாட்டிலிருந்து கப்பலில் வரும் வெடியுப்பு ஒருநாள் தீர்ந்துபோகும், அதற்குள் வேதியியல்தான் வழி கண்டுபிடிக்கணும் என்பது அதன் சாரம்.

வேடிக்கை என்னன்னா, நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனா செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடியை விடுவிப்பதுதான் சவால்.

பெரிய தலைகளே இதில் சறுக்கினார்கள். பின்னால் 1909-இல் நோபல் பரிசு வாங்கிய வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், அம்மோனியா செய்துவிட்டதாக பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்திடம் போனார். அங்கே இருந்த கார்ல் பாஷ் என்ற இளம் வேதியியலாளர் சோதித்துப் பார்த்து, அந்த அம்மோனியா காற்றிலிருந்து வந்ததில்லை, ஆஸ்ட்வால்ட் பயன்படுத்திய இரும்பிலேயே ஒட்டியிருந்த நைட்ரஜனிலிருந்து வந்தது என்று காட்டிவிட்டார். அடுத்து, 1907-இல் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற இன்னொரு மேதை, ஹேபர் வெளியிட்ட அளவுகள் தப்பு என்று ஒரு மாநாட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். நெர்ன்ஸ்டும் பின்னால் நோபல் வாங்கியவர். ஹேபருக்கு அது பெரிய அவமானம். அந்த ரோஷத்திலேயே திரும்ப ஆய்வுக்கூடத்துக்குள் போனார்.

இதில் உள்ள சிக்கல் எந்த இன்ஜினியரிங் மாணவருக்கும் பிடிக்கும். வெப்பத்தைக் கூட்டினால் வினை வேகமா நடக்கும், ஆனா உண்டான அம்மோனியா உடைந்துபோகும். குறைத்தால் அம்மோனியா நிலைக்கும், ஆனா வினை நகரவே நகராது. ஹேபர் பிடித்த வழி அழுத்தம். சாதாரண காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு அளவுக்குப் போனார். அதைத் தாங்கும் கருவியைக் கட்டியவர் ராபர்ட் லெ ரொசிக்னோல் என்ற அவருடைய உதவியாளர். ஒரு சுற்றில் கொஞ்சம்தான் அம்மோனியாவாக மாறும். அதைக் குளிரவைத்துப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார்கள். 1909 ஜூலை 2-ஆம் தேதி, கார்ல்ஸ்ரூஹ நகரில், பி.ஏ.எஸ்.எஃப் ஆட்கள் முன்னிலையில் திரவ அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. பார்க்க வந்த பாஷ், கருவி மக்கர் பண்ணியதால் பாதியிலேயே கிளம்பிவிட்டார். கூட வந்த ஆல்வின் மிட்டாஷ் காத்திருந்து பார்த்தார்.

ஆய்வுக்கூடத்தில் சொட்டியதைத் தொழிற்சாலையில் ஓடவைத்தவர் அதே பாஷ்தான். முதலில் போட்ட எஃகு உலைக்குழாய்கள் சில நாட்களிலேயே வெடித்தன. சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதிலுள்ள கார்பனைத் தின்றுவிடும், எஃகு நொறுங்கிப்போகும். பாஷ் என்ன செய்தார்? உள்ளே கார்பன் இல்லாத மென்மையான இரும்பில் ஓர் உறை போட்டார். வெளியே பலத்துக்கு எஃகு. அந்த எஃகில் சின்னச் சின்னத் துளைகள். கசிந்து வரும் ஹைட்ரஜன் அது வழியாக வெளியே போய்விடும். எதிரியைத் தடுக்க முடியாதபோது வழி விட்டுவிடுவது! மிட்டாஷ் குழுவினர் விலை உயர்ந்த ஆஸ்மியத்துக்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, இரும்பை அடிப்படையாகக் கொண்ட மலிவான வினையூக்கியைக் கண்டுபிடித்தார்கள். 1913-இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. பாஷுக்கு 1931-இல் நோபல்.

இது ஏதோ தூரத்துக் கதை இல்லைங்க. கெடா குருணிலும் சரவாக் பிந்துலுவிலும் நம்ம நாட்டு ஆலைகள் யூரியா செய்வது இதே வழியில்தான். செம்பனைத் தோட்டத்தில் உர மூட்டை சுமந்த நம்ம தாத்தா பாட்டிகள், பேர் தெரியாமலேயே ஹேபரின் வேதியியலைத் தோளில் தூக்கியவர்கள்.

1915 ஏப்ரல் 22

ஹேபர் 1911-இல் பெர்லினுக்குப் போய், புதிதாகத் தொடங்கிய கைசர் வில்ஹெல்ம் ஆய்வுக் கழகத்தில் ஒரு நிலையத்துக்குத் தலைவரானார். ஐன்ஸ்டைனைப் பெர்லினுக்குக் கொண்டுவர முயன்றவர்களில் அவரும் ஒருவர். 1914-இல் போர் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை வழியை மறித்ததும் சிலி வெடியுப்பு நின்றுபோனது. உரத்துக்காகக் கண்டுபிடித்த அம்மோனியா அப்போது நைட்ரிக் அமிலமாக, வெடிமருந்தாக மாறியது. அது இல்லாமல் ஜெர்மனி அத்தனை வருடம் போரிட்டிருக்க முடியாது.

ஹேபர் அதோடு நிற்கவில்லை. குளோரின் வாயுவை ஆயுதமாக்கலாம் என்று ராணுவத்திடம் எடுத்துச் சொல்லி, தானே முன்னின்று வேலையைத் தொடங்கினார். பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்துக்குப் பக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட சிலிண்டர்களை மண்ணில் புதைத்துவிட்டு, சாதகமான காற்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். 1915 ஏப்ரல் 22 மாலை காற்று திரும்பியது. 150 டன்னுக்கும் அதிகமான குளோரின் திறந்துவிடப்பட்டது. குளோரின் காற்றைவிடக் கனம். பதுங்குகுழிக்குள் இறங்கித் தங்கும். உயிரைக் காக்க வெட்டிய குழியே பிரேதக்குழி ஆனது. நான்கு நாள் கழித்து அதே களத்தில் இந்திய வீரர்களின் லாகூர் டிவிஷனும் அந்த வாயுவுக்குள் போனது. அன்று காயத்தோடு அதிகாரிகளைத் தூக்கிவந்து காப்பாற்றிய மீர் தஸ்த் என்பவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

ஹேபருக்குக் கேப்டன் பதவி கொடுத்தார்கள். யூதப் பையனாகப் பிறந்ததால் மறுக்கப்பட்ட அதே அதிகாரி உடுப்பு! போட்டி அரங்கில் குலம் கேட்டு அவமானப்படுத்தப்பட்ட கர்ணனுக்குத் துரியோதனன் அங்க நாட்டு மகுடம் சூட்டிய காட்சி எனக்கு இங்கேதான் கண்முன் வந்தது.

அவர் மனைவி கிளாரா இம்மர்வார், பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கிய பெண். அவரும் வேதியியலாளர். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய ஆய்வு வாழ்க்கை அடுப்படியோடு முடிந்துபோனது. 1915 மே 2-ஆம் தேதி கிளாரா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விஷவாயுவை எதிர்த்துத்தான் செய்தார் என்று சிலரும், மண வாழ்க்கையின் கசப்பும் சேர்ந்தது என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். அவர்களுடைய மகனுக்கு அப்போது 12 வயது. ஹேபர் உடனே கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிப் போனார்.

முடியாது என்று சொன்னவர்கள்

அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை, எல்லாரும் அப்படித்தான் என்று நாம சுலபமா சொல்லிவிடலாம். எல்லாரும் அப்படி இல்லை. ஹேபரின் வாயுப் படையில் ஜேம்ஸ் ஃபிராங்க், குஸ்தாவ் ஹெர்ட்ஸ், ஓட்டோ ஹான் என்று பிற்காலத்தில் நோபல் வாங்கிய மூவர் வேலை செய்தார்கள். விஷ ஆயுதம் ஹேக் உடன்படிக்கைக்கு எதிரானதாச்சே என்று ஹான் கேட்டார். போர் சீக்கிரம் முடிந்தால் உயிர்கள் மிச்சமாகும் என்பது ஹேபரின் பதில். ஹான் ஒத்துக்கொண்டார். மேக்ஸ் பார்ன் மறுத்தார். ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் விஷவாயு பக்கம் போகாமல், வீரர்களைக் காக்கும் முகமூடிக்கு வடிகட்டி செய்து கொடுத்தார். சுவிட்சர்லாந்தில் இருந்த ஹெர்மன் ஸ்டௌடிங்கர், ஒரு காலத்தில் கார்ல்ஸ்ரூஹவில் ஹேபரோடு வேலை பார்த்தவர், விஷவாயுவை எதிர்த்து வெளிப்படையாகவே எழுதினார். ஹேபருக்கு அவர்மேல் கடுங்கோபம். நாட்டுக்குத் துரோகம் செய்தவர்போல் பேசினார். இந்த மூவருக்கும் நோபல் உண்டு. முடியாது என்று சொன்னதால் யாருடைய அறிவியலும் குறைந்துபோகவில்லை.

பரிசும் வீழ்ச்சியும்

1918-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் ஹேபருக்கு, 1919-இல் அறிவித்தார்கள். பல நாடுகளில் எதிர்ப்பு கிளம்பியது. தோற்ற ஜெர்மனியின் போர்க்கடனை அடைக்க, கடல்நீரிலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று 1920-களில் வருடக்கணக்கில் முயன்றார். கடலில் தங்கம் எதிர்பார்த்ததைவிட மிகமிகக் குறைவு என்று தெரிந்ததும் கைவிட்டார். அங்கேயும் பாருங்க, நாட்டின் கடனைத் தன் கடனாக நினைத்த மனசு.

1933-இல் ஹிட்லர் வந்தார். ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. போரில் பணியாற்றியவர் என்பதால் ஹேபர் மட்டும் இருந்துகொள்ளலாம். தன் நிலையத்து யூத ஊழியர்களை அவரே வெளியேற்றணும். ஹேபர் அதைச் செய்ய மறுத்து ராஜினாமா செய்தார். அவர் வாழ்க்கையில் அரசாங்கத்திடம் முடியாது என்று சொன்ன பெரிய தருணம் இதுதான். மேக்ஸ் பிளாங்க் ஹிட்லரை நேரில் பார்த்துப் பேசியும் பயனில்லை. ஞானஸ்நானம், கேப்டன் பதவி, நோபல் பரிசு, எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. இங்கிலாந்துக்குப் போனார். அங்கே சிலர் அவரோடு பழகவே விரும்பவில்லை. 1934 ஜனவரி 29-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் மாரடைப்பால் இறந்தார். அவர் ஆசைப்படி கிளாராவின் அஸ்தியையும் கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்தார்கள்.

ஒரு வருடம் கழித்து அவருக்கு நினைவுக் கூட்டம் நடத்த பிளாங்க் ஏற்பாடு செய்தார். பேராசிரியர்கள் போகக்கூடாது என்று அரசு தடை போட்டது. தடை இருந்தும் கூட்டம் நடந்தது. ஹான் பேசினார், பாஷ் வந்திருந்தார், வர முடியாத பலருக்காக அவர்கள் மனைவிமார் வந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லணும். போருக்குப் பிறகு ஹேபரின் நிலையத்தில் பூச்சிகளைக் கொல்ல சயனைட் வாயுவைப் பற்றி ஆய்வு நடந்தது. அந்த வரிசையில் வந்ததுதான் சைக்ளோன் பி. நாஜிகள் தங்கள் முகாம்களில் லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்றது அதை வைத்துத்தான். முகாம்களில் மாண்டவர்களில் ஹேபரின் உறவினர்களும் உண்டு.

நமக்கு இதில் என்ன?

கர்ணனை நமக்கெல்லாம் பிடிக்கும். கொடைக்கும் வீரத்துக்கும் அவன்தான். ஆனா தன்னை மதித்தவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் தீர்க்கணும் என்ற ஒரே காரணத்துக்காக, திரௌபதியின் கண்ணீரையும் தாண்டிப் போய் அவன் தப்பான பக்கம் நின்றான். நன்றி ஒரு நல்ல குணம். அது மட்டுமே தர்மம் ஆகிவிடாது. ஹேபரிடம் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது, நாட்டுப்பற்றும் இருந்தது. நம்மிடம் இருக்கணும் என்று மேடையில் சொல்கிற அத்தனையும் இருந்தது. என்னை ஏற்றுக்கொண்டவர்கள் எதைக் கேட்டாலும் செய்வேனா என்ற கேள்வியை மட்டும் அவர் 65 வயது நெருங்கும்போதுதான் கேட்டுக்கொண்டார்.

நமக்கும் வெளியே நிற்கிற வலி தெரியும். பல்கலைக்கழக இடத்துக்கும் வேலைக்கும் இரண்டு மடங்கு நிரூபிக்கணும் என்று வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம. நாளைக்கு ஒரு பெரிய நிறுவனம் நம்மைக் கூப்பிட்டு, நல்ல சம்பளமும் பதவியும் கொடுத்து, ஆற்றில் போகும் கழிவைப் பற்றி ஒரு அறிக்கையை மாற்றி எழுதச் சொன்னால், மறுக்கிறது சுலபமா இருக்காது. ஏற்றுக்கொண்டார்களே என்ற நன்றி தொண்டையை அடைக்கும். அந்த நாள் வருவதற்கு முன்னாலேயே, படிக்கிற காலத்திலேயே, எங்கே நிற்கணும் என்று முடிவு செய்துவைக்கிறது நல்லது. உங்க கிளையின் அடுத்த ஒன்றுகூடலில் இதை ஒரு விவாதத் தலைப்பா வைத்துப் பேசிப் பாருங்க.

சிந்திப்போம், நண்பர்களே.