பட்டறையே பள்ளி

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யும்போது, நெசவாளர் ஒருபுறம் அமர, கரைக்குரிய நாடாவைத் தள்ள மறுபுறம் துணையாள் ஒருவர் அமர்வது மரபு. கரையும் உடலும் பிரியாது இணையும் நுட்பத்தை அத்துணையாள் ஏட்டில் படிப்பதில்லை; தறியருகே இருந்து கையால் கற்கிறார். நெசவுக்கு இயல்பான இக்கல்விமுறை இயந்திரத் தொழிலுக்கும் இன்றியமையாதது என்பதைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி. டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவரது பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் இளைஞரான அவரை வியப்பில் ஆழ்த்தியது. அதனை வாங்குவதற்காகவே கோவை உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அவ்வண்டியே அவருக்கு முதல் பாடநூல் ஆயிற்று.

எனினும், அவர் ஏட்டறிவை வெறுத்தார் எனக் கருதுவது பிழை. பள்ளியை விட்டவர் நூல்களை விட்டாரில்லை. தாமே படித்துத் தெளிந்தார். படித்ததைப் பட்டறையில் சோதித்தார்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கித் தாமே ஓட்டினார். வழியில் வண்டி நின்றால் ஓட்டுநரே பழுது நீக்க வேண்டியிருந்த காலம் அது. அந்த முயற்சி பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் என்பவருடன் இணைந்து அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுகிறது. மின்சவரக் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி முதலியனவும் அவர் ஆக்கங்களே.

தாம் பெற்ற பட்டறிவைப் பிறர்க்கும் வழங்க விரும்பிய நாயுடு, 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமானார்; அதன் முதல்வராகவும் விளங்கினார். பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வேண்டா, செய்முறையோடு கற்பித்தால் இரண்டே போதும் என்பது அவர் துணிபு. அரசு அதனை ஏற்கவில்லை. தம் கொள்கையைக் கைவிட மனமின்றி, தாம் வளர்த்த கல்லூரியின் பொறுப்பிலிருந்தே அவர் விலகினார். அக்கல்லூரியே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1974இல் அவர் மறைந்தார். கல்விக்காலம் குறித்து அவர் எழுப்பிய வினாவோ இன்னும் மறையவில்லை. கணக்கு அறியாத கை தடுமாறும். கருவியைத் தொடாத கணக்கு தாளிலேயே தங்கிவிடும். இவ்விரண்டையும் ஒருவரிடத்தே இணைப்பதும் கோர்வை நெசவு போன்றதே.